பணகுடிக் காற்றாலையும் லீட்ஸ் படிப்பும் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எனக்குக் களக்காடு பக்கம் ஒரு கிராமம். மெக்கானிக்கல் முடித்துவிட்டு பணகுடியில் ஒரு காற்றாலைப் பராமரிப்புக் கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். 2025 செப்டம்பரில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பற்றி எம்.எஸ்ஸி. படிக்க இங்கிலாந்தில் லீட்ஸுக்கு வந்தேன். ஒரு வருஷப் படிப்பு. பேங்க் லோன், போதாததற்கு அம்மா நகை. சனி ஞாயிறு ஒரு குடோனில் பார்சல் அடுக்குகிறேன். எழுபது எண்பது இடங்களுக்கு அப்ளை பண்ணியிருப்பேன், ஒன்றிரண்டு தவிர பதிலே இல்லை. "வேலை விசாவுக்குப் பொறுப்பேற்கிற கம்பெனி, அதுதான் ஸ்பான்சர், சும்மா கிடைக்காது, காசு கொடுத்தால்தான்" என்று ரூமில் எல்லோரும் சொல்கிறார்கள். என்னை அனுப்பிய திருநெல்வேலி ஏஜென்ட்டிடம் அப்பா பேசியதில், 14 லட்சம் கொடுத்தால் ஒரு கம்பெனியில் சி.ஓ.எஸ். (ஸ்பான்சர்ஷிப் சான்று) வாங்கித் தருகிறேன் என்றாராம். அப்பா வாழை போட்டிருக்கிற இரண்டு ஏக்கரை விற்க ஆள் பார்க்கிறார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீங்கள் கல்லூரியில் பையன்களுக்கு வேலைவாய்ப்பு பார்த்துக்கொடுத்தவர் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். வேலை இல்லாமல் ஊருக்குத் திரும்பினால் என்ன பேசுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. சி.வி.யை இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள தம்பி,

மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் அப்பாவுக்குப் போன் போட்டு, தோட்டத்தைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அட்வான்ஸ் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடட்டும். மிச்சத்தை நிதானமாகப் பேசலாம்.

அந்த ஏஜென்ட் விற்கிறேன் என்கிற சி.ஓ.எஸ். ஒரு காகிதம்கூடக் கிடையாது, வெறும் எண். ஹோம் ஆபீஸிடம், அதாவது பிரிட்டனின் உள்துறையிடம், லைசென்ஸ் வாங்கிய ஒரு கம்பெனி, தன்னிடம் நிஜமாகவே ஒரு வேலை காலியாக இருந்து, அதற்கு இன்னாரை இந்தச் சம்பளத்தில் எடுக்கிறோம் என்று அரசாங்கத்தின் கம்ப்யூட்டரில் பதிந்தால் வருகிற எண். அதற்குக் கம்பெனி கட்டுகிற கட்டணத்தை வேலைக்கு வருகிறவன் தலையில் கட்டக்கூடாது என்று 2024 டிசம்பர் 31 முதல் விதியே வந்துவிட்டது. ஆக, 14 லட்சம் எதற்கு? இல்லாத வேலையை இருப்பதாகக் காட்டுவதற்கு. சம்பளத்தை பேங்கில் போட்டுவிட்டு ரொக்கமாகத் திரும்ப வாங்கிக்கொள்கிற கதைகளை நானும் கேள்விப்படுகிறேன். ஹோம் ஆபீஸ் கண்டுபிடித்தால் கம்பெனியின் லைசென்ஸ் போகும், அதோடு அங்கே இருப்பவர்களின் விசா காலத்தையும் குறைப்பார்கள். வேறு ஸ்பான்சரைத் தேடிக்கொள்ள அல்லது கிளம்ப வழக்கமாகக் கிடைப்பது 60 நாள். இரண்டு ஏக்கர் வாழைத்தோட்டத்துக்கு 60 நாள்! நீங்களே தெரிந்து செய்ததாகத் தெரியவந்தால் அந்த 60 நாளும் சந்தேகம்தான்.

இதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது வேறொன்றில். உங்களுக்கு இப்போது ஸ்பான்சரே தேவையில்லை. ரூமில் இருக்கிற அத்தனை பேரும் அதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் பேசியிருக்கிறார்கள். படிப்பு முடித்தவர்களுக்கு அங்கே கிராஜுவேட் விசா உண்டு, 2021 ஜூலையிலிருந்து இருக்கிறது. ஸ்பான்சர் வேண்டாம், இவ்வளவு சம்பளம் வாங்க வேண்டும் என்ற கணக்கு வேண்டாம், ஏறக்குறைய எந்த வேலையும் பார்க்கலாம். மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கு இரண்டு வருஷம். இங்கேதான் கவனம் தேவை: 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. நீங்கள் செப்டம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்து, ரிசல்ட் வந்து, படிப்பு முடிந்தது என்று பல்கலைக்கழகம் ஹோம் ஆபீஸுக்குத் தெரிவித்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். உங்கள் மாணவர் விசா அநேகமாக 2027 ஜனவரி வரை ஓடும், ஆனால் அந்தத் தேதியை நம்பிச் சும்மா இருந்தால் ஆறு மாதம் போச்சு. 2026 டிசம்பர் 31-க்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், இங்கிலாந்தில் இருந்தபடியே. உங்கள் கோர்ஸுக்கு ரிசல்ட் எப்போது வரும் என்று துறை அலுவலகத்தில் இந்த வாரமே கேட்டு வையுங்கள். ஒரு பாடத்தில் தவறி மறுதேர்வு எழுதினால் எல்லாம் தள்ளிப்போகும். விசாவோடு கட்டுகிற மருத்துவ சர்சார்ஜ் (அங்கத்து அரசு மருத்துவத்துக்கான கட்டணம்) வருஷத்துக்கு 1,035 பவுண்டு, இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து முதலிலேயே கட்ட வேண்டும், விண்ணப்பக் கட்டணம் தனி. குடோன் காசில் இதைத்தான் முதலில் ஒதுக்க வேண்டும்.

குடோன் என்றதும் இன்னொன்று. படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்பது ஒவ்வொரு வாரத்துக்கும், திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 10 பார்த்தேன், அடுத்த வாரம் 30 பார்க்கிறேன் என்ற சராசரிக் கணக்கு செல்லாது. ஒரு வருஷ மாஸ்டர்ஸில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் எல்லாம் ஆய்வேடு எழுதுகிற காலம், அதையும் பொதுவாகப் படிப்புக் காலமாகத்தான் வைத்திருப்பார்கள். பி.ஏ. படிக்கிற வெள்ளைக்காரப் பையனுக்குக் கோடை லீவு, உங்களுக்கு இல்லை. அப்புறம், இன்னொருவர் அக்கவுண்டை வாடகைக்கு வாங்கிச் சாப்பாடு டெலிவரி செய்கிற வேலை, அந்தப் பக்கமே போகாதீர்கள். மாணவர் விசாவில் சொந்தத் தொழில் கூடாது, அந்த டெலிவரி வேலை சொந்தத் தொழிலில்தான் வரும்.

சரி, எழுபது எண்பது விண்ணப்பத்துக்கு ஏன் பதில் இல்லை? இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று காலம். அங்கே பெரிய கம்பெனிகள் புதுப் பட்டதாரிகளை எடுக்கிற திட்டங்களைச் செப்டம்பர், அக்டோபரில் திறந்து, நிறைய இடங்களில் நவம்பர், டிசம்பரோடு மூடிவிடுவார்கள். மூன்று வருஷம் அங்கேயே படிக்கிறவனுக்கு அது பழகின விஷயம். நீங்களோ அப்போது ரூம் தேடிக்கொண்டு, பேங்க் அக்கவுண்ட் திறந்துகொண்டு, குளிரில் எதைப் போடுவது என்று பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். ஒரு வருஷப் படிப்பின் பெரிய வஞ்சகம் இது, எந்தக் கல்விக் கண்காட்சியிலும் இதை யாரும் சொல்வதில்லை. இந்த வருஷ செப்டம்பரில் அதே கதவு மறுபடி திறக்கும், ஆய்வேடு கொடுக்கிற அவசரத்தில் மறுபடியும் தவறவிடாதீர்கள். சின்ன, நடுத்தரக் கம்பெனிகள் ஆள் தேவைப்படும்போது எடுப்பார்கள், வருஷம் முழுக்க.

இரண்டாவது காரணம் உங்கள் சி.வி. கோபித்துக்கொள்ளக் கூடாது. அதன் மேலே உங்கள் போட்டோ, அப்பா பெயர், பிறந்த தேதி, திருமணம் ஆகவில்லை என்ற தகவல். கீழே "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்று உறுதி கூறுகிறேன்", இடம் களக்காடு, கையெழுத்து. நம்மூரில் பாளை, வள்ளியூர், தென்காசி என்று எந்தக் கல்லூரியிலும் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறோம். அங்கே இது ஒன்றும் வேண்டாம். வயது, சாதி, குடும்பம் எதுவும் அவர்கள் பார்க்கக் கூடாதவை, போட்டோ இருந்தாலே சங்கடப்படுவார்கள். இரண்டு பக்கம் போதும்.

இதெல்லாம் சில்லறை. முக்கியமானது, பணகுடி வேலைக்கு நீங்கள் கொடுத்திருப்பது ஒரே வரி: 'காற்றாலை நிறுவனத்தில் சர்வீஸ் என்ஜினீயராகப் பணிபுரிந்தேன்'. அதற்கு மேலே எம்.எஸ்ஸி. பாடங்களின் பட்டியல் முக்கால் பக்கம். அந்தப் பாடங்கள் உங்களோடு வகுப்பில் இருக்கிற எல்லோரிடமும் இருக்கிறது தம்பி. என்ன வேலை பார்த்தீர்கள் என்று நான் தனி மெயிலில் கேட்டபோது நீங்கள் எழுதிய பதிலை எடுத்துப் பாருங்கள். எண்பது மீட்டர் கோபுரத்தில் ஏறி கியர்பாக்ஸ் எண்ணெய் மாதிரி எடுத்தது, ஆடிக்காற்று அடிக்கிற நேரத்தில் ஒரு டர்பைன் நின்றால் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம் என்பதால் ராத்திரியோடு ராத்திரியாக சென்சாரை மாற்றி ஓடவிட்டது, ஒரே மாதிரி பழுது நாலைந்து டர்பைனில் திரும்பத் திரும்ப வந்ததைக் குறித்து வைத்து சூப்பர்வைசரிடம் காட்டியது. இவ்வளவையும் எழுதிவிட்டு, "இதெல்லாம் சாதாரண வேலைதான் அண்ணாச்சி" என்று முடித்திருந்தீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் வளர்ந்தவனுக்கு அது சாதாரணம். நீங்கள் இருக்கிற லீட்ஸிலிருந்து ஹல் என்கிற ஊர் ரயிலில் ஒரு மணி நேரம் போல. அங்கே சீமென்ஸ் கமேசா கம்பெனி 2016-லிருந்து கடல் காற்றாலைக்கு இறக்கை செய்கிறது. அதற்குத் தெற்கே கிரிம்ஸ்பியிலிருந்துதான் ஹார்ன்சீ கடல் காற்றாலைகளைப் பராமரிக்கிறார்கள், 'ஹார்ன்சீ 2' என்கிற ஒன்றில் மட்டும் 165 டர்பைன். அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு உங்கள் ஆடி மாசம் பாடப்பட்டியலைவிடப் பெரிய விஷயம்.

அதனால் சி.வி.யில் முதல் பக்கத்தில் பணகுடி வரட்டும். எத்தனை டர்பைன், என்ன மாடல், என்ன பழுது, நீங்கள் செய்த பிறகு என்ன மாறியது. உயரத்தில் வேலை பார்க்கிற ஜி.டபிள்யூ.ஓ. (காற்றாலைத் துறையின் உலக அமைப்பு) பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் அதுவும். இன்டர்வியூவிலும் இதே கதைதான் கேட்பார்கள்: நிலைமை என்ன, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செய்தாய், கடைசியில் என்ன ஆயிற்று. நம் பையன்கள் இந்த இடத்தில் "நாங்கள் செய்தோம், எங்கள் டீம் செய்தது" என்று கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். அடக்கம் நல்லதுதான், ஆனால் இன்டர்வியூ எடுக்கிறவருக்கு அந்தச் சென்சாரை மாற்றியது யார் என்று தெரிய வேண்டும்.

ஸ்பான்சர் வேண்டுமா என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள். பொய் சொல்லாதீர்கள். படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷம் ஸ்பான்சர் இல்லாமல் வேலை பார்க்க விசா கிடைக்கும், அதற்குப் பிறகு தேவைப்படும் என்று நேராகச் சொல்லுங்கள். அந்த இரண்டு வருஷத்துக்குப் பிறகு வருவதுதான் ஸ்கில்டு ஒர்க்கர் விசா. அதற்கு 2025 ஜூலை 22 முதல் பொதுவான வருஷச் சம்பள வரம்பு 41,700 பவுண்டு, உங்களைப் போல மாணவர் அல்லது கிராஜுவேட் விசாவிலிருந்து மாறுகிறவர்களுக்கு 33,400. அந்தந்த வேலைக்கென்று தனியாகக் குறித்திருக்கிற தொகையும் உண்டு, அதையும் பார்க்க வேண்டும். அதே தேதியிலிருந்து பொதுவாகப் பட்டப்படிப்பு நிலை வேலைகளுக்குத்தான் ஸ்பான்சர். ஆகவே டெக்னீஷியன் வேலையில் முதலில் நுழைந்தாலும், இரண்டு வருஷத்துக்குள் என்ஜினீயர் பதவிக்கு மாறுகிற வழி அந்தக் கம்பெனியில் இருக்கிறதா என்று கேட்டுச் சேருங்கள். லைசென்ஸ் உள்ள கம்பெனிகளின் பட்டியலைப் பிரிட்டன் அரசே தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது, இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு லட்சத்துக்கு மேல் பெயர்கள் இருக்கும், யார்க்‌ஷயர், ஹம்பர் பக்கத்து ஊர்ப் பெயர்களைப் போட்டுத் தேடினால் கைக்கு அடக்கமாக வந்துவிடும். பட்டியலில் இருப்பதாலேயே எடுத்துவிடுவார்கள் என்று அர்த்தமில்லை, இல்லாதவர்களிடம் நேரத்தைக் கொட்டாமல் இருக்கலாம்.

பல்கலைக்கழகத்தில் கரியர்ஸ் ஆபீஸ் என்று ஒன்று இருக்குமே, போனீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சி.வி. திருத்துவார்கள், ஒத்திகை இன்டர்வியூ வைப்பார்கள், இதே துறையில் வேலையில் இருக்கிற பழைய மாணவர்களைத் தொடர்புபடுத்துவார்கள். பல இடங்களில் படிப்பு முடிந்து சில வருஷம் வரைகூட உதவுகிறார்கள். நீங்கள் கட்டிய ஃபீஸில் அதுவும் அடக்கம். என் தங்கை மகளும் அங்கேதான் படித்தாள். இங்கிலீஷ் தடுமாறுமோ என்று பயந்து முதல் ஆறு மாதம் அந்த வாசலையே மிதிக்கவில்லை, பிறகு போனவளுக்கு அங்கிருந்த அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்து சி.வி.யை வரி வரியாகத் திருத்திக்கொடுத்தார். பாளையில் ஹாஸ்டல் பையன்கள் பிளேஸ்மென்ட் ஆபீஸ் கதவுக்கு வெளியே நின்று, "நீ போ, நீ போ" என்று ஒருத்தனை ஒருத்தன் தள்ளுவதைத் தினமும் பார்த்தவன் நான். அங்கே தள்ளிவிட ஆள் இருக்காது. ஆய்வேட்டுத் தலைப்பையும் யோசியுங்கள். ஏதாவது ஒரு கம்பெனியின் நிஜமான டர்பைன் தகவலை வைத்துச் செய்ய முடியுமா என்று வழிகாட்டியிடம் கேட்டால், மூன்று மாதம் அந்தக் கம்பெனிக்காரர்களோடு பேசுகிற வாய்ப்பாவது கிடைக்கும். சிலருக்கு வேலை அப்படியும் அமைகிறது.

இவ்வளவும் செய்து கிடைக்காமல் போனால்? போகலாம், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பொதுத்துறை பேங்க் கல்விக் கடன் என்றால் வழக்கமாகப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத் தவணை தொடங்கும், வட்டி மட்டும் முதல் நாளிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கும். உங்கள் பத்திரத்தில் என்ன போட்டிருக்கிறது என்று அப்பாவிடம் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தேதியை வைத்து, இதுவரை முயற்சி, இதற்கு மேல் ஊர் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். ஊரில் உங்கள் துறை செத்துப்போகவில்லை. கயத்தாறில் மத்திய அரசின் காற்றாலைச் சோதனை நிலையம் இருக்கிறது. பழைய சின்னக் காற்றாலைகளைக் கழற்றிப் பெரியதை நிறுத்துவதற்குத் தமிழக அரசு 2024-ல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது, முப்பந்தலிலிருந்து ராதாபுரம் வரை கழற்ற வேண்டியது எத்தனை என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதே வருஷம் ஜூனில் தமிழகக் கடலில் 500 மெகாவாட், குஜராத்தில் 500 என்று கடல் காற்றாலைக்கு மத்திய அமைச்சரவை 7,453 கோடி ஒதுக்கியது. வேலை என்னவோ இன்னும் கரையைத் தாண்டவில்லை, அதை நம்பி டிக்கெட் போடச் சொல்லமாட்டேன். ஆனாலும் வடகடல் டர்பைனைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் நம் பக்கம் எத்தனை பேர்? ஊர்வாயைப் பற்றி நான் என்ன சொல்ல, டீக்கடையில் இரண்டு நாள் விசாரிப்பார்கள், மூன்றாம் நாள் யாராவது சொத்துத் தகராறில் வெட்டிக்கொள்வார்கள், பேச்சு அங்கே போய்விடும்.

புது சி.வி.யை கரியர்ஸ் ஆபீஸில் காட்டிய பிறகு எனக்கும் ஒன்று அனுப்புங்கள். இதே போல ஜெர்மனியிலிருந்து, சேரன்மாதேவிப் பெண் ஒருத்தி எழுதியிருக்கிறாள். அங்கே படிப்புக்குப் பிறகு வேலை தேட 18 மாதம், படிக்கும்போது வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை என்று கணக்கே வேறு, ஜெர்மன் மொழி வேறு குறுக்கே நிற்கிறது. அதற்கு அடுத்த வாரம் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி