ஆடியில் புழுதி, ஐப்பசியில் மழை

கேள்வி: ஆடி மாதம் தூத்துக்குடிக்கு வந்திருந்தேன். கடலோர ஊரில் ஒரு தூறல்கூட இல்லையே, ஏன்?
(வாசகி, கோவை)

ஆடி என்றால் உங்களுக்குச் சாரல், எங்களுக்குக் கச்சான் காற்று. தென்மேற்குப் பருவ மேகம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடும். மலை இறங்கி எங்களிடம் வருவது வறண்ட காற்றுதான். குற்றாலத்தில் அருவி விழும் நாட்களில் எங்கள் அம்மா கொடியில் காய்ந்த சேலையை உதறி உதறித்தான் மடிப்பாள், அவ்வளவு மண். எங்கள் மழை ஐப்பசி, கார்த்திகையில் கடல் பக்கமிருந்து வரும்.

உப்பு விளைவதும் இந்த வறட்சியால்தான். அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதினார். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிச் சுண்டவிடுவார்கள். உவர்நீரின் செறிவை அளக்கும் மானியை மிதக்கவிட்டால் 25 டிகிரியை ஒட்டிக் காட்டும்போது உப்பு படியத் தொடங்கும். அதுவே ஐப்பசியில் ஒரு மழை பிடித்தால் பாத்தி கரையும், உப்பு வாருகிறவர்களுக்குக் கூலியும் நிற்கும். குடிக்கத் தண்ணீர் வேண்டி மழையை எதிர்பார்ப்போம். வந்ததும் அப்பா முகம் வாடிவிடும்.

கேள்வி: மீன்பிடித் தடைக் காலத்தில் உங்கள் வீட்டில் என்ன குழம்பு?
(வாசகர், சேலம்)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு போகும், மீனும் வரும். விலையைக் கேட்டால் பசி அடங்கிவிடும். அதனால் நெத்திலிக் கருவாடுதான். தலையைக் கிள்ளி வெந்நீரில் நன்றாக அலசுங்கள். தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம் அரைத்துவிட்டு, அந்த மாதங்களில் மலிவாகக் கிடைக்கும் மாங்காயை நறுக்கிப் போட்டால் புளி பாதி போதும். உப்பை மட்டும் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். என் மருமகள் முதல் தடவை முதலிலேயே போட்டுவிட்டாள். அன்று எல்லோரும் மோர் சாதம். வெயில் அதிகம் என்றால் பதநீர் இருக்கவே இருக்கிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கியதா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் மதியத்துக்குள் புளித்துக் கள்ளாகிவிடும்.

கேள்வி: கார்த்திகையில் வாங்கிய மக்ரூன் வீட்டுக்கு வருவதற்குள் பிசுபிசுத்துவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
(வாசகி, திருச்சி)

பாவம், அவரைத் திட்டாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான் மக்ரூன். மழைக்காலக் காற்றில் இருக்கும் ஈரத்தைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும். அடுத்த முறை மூடி இறுகும் டப்பா ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள். இல்லை, பங்குனியில் வாருங்கள்.