நெறியாளரின் கவலையை யார் கேட்பது?

கேள்வி: சில வருடங்களாக ஒரு நாடகக் குழுவை நடத்துகிறேன். நடிகர்களின் காதல், கடன், வீட்டுச் சண்டை எல்லாம் என் காதுக்குத்தான் வரும். என் மனக்கஷ்டத்தைச் சொல்லத்தான் ஆள் இல்லை. குழுவில் உள்ளவர்களிடமே மனம்விட்டுப் பேசலாமா?
பெயர் வேண்டாம், கொக்குவில்

பதில்: வேண்டாம். ‘களைப்பாக இருக்கிறது, இன்றைக்கு நேரத்தோடு முடிப்போம்’ என்று அவர்களிடம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் ‘குழுவைக் கலைத்துவிடலாமோ’ என்ற யோசனையை, அடுத்த நாடகத்தில் பாத்திரம் கிடைக்குமா என்று உங்கள் முகத்தையே பார்த்திருக்கும் பிள்ளையிடம் இறக்கி வைக்காதீர்கள். அந்தப் பிள்ளையால் உங்களுக்கு நேர்ப்பதில் சொல்ல முடியாது. ஓம் ஓம் என்று தலையாட்டும். பிறகு நித்திரை கெட்டுக் கிடப்பது இரண்டு பேர்.

உங்கள் நாடகத்தில் பங்கில்லாத ஒருவரைத் தேடுங்கள். என்னைக் கேட்டால், இன்னொரு குழுவின் நெறியாளர்தான் முதல் ஆள். மேடையேற்றத்துக்கு மூன்று நாள் இருக்க முக்கிய நடிகருக்கு வெளிநாட்டு விசா வந்தால் வயிறு எப்படிக் கலங்கும் என்று வீட்டில் விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் வேண்டும். அவருக்கு ஒரு சொல் போதும். ஒரே மண்டபத்துக்கும் ஒரே விழாவுக்கும் போட்டி போடுகிறவரிடம் எப்படி வாய் திறப்பது என்பீர்கள். இந்தத் தயக்கத்தால்தான் எங்கள் நெறியாளர்கள் ஆளுக்கொரு மூலையில் வாடிப் போகிறார்கள். பார்க்கவே மனம் நோகிறது. அவ்வளவு கூச்சம் என்றால் மேடையை விட்டு ஓய்ந்த மூத்தவர் ஒருவரின் வீட்டுக்குப் போங்கள்.

இத்தனைக்கும், மனக்காயத்தை அரங்கில் வைத்துப் பேசிய ஊர் இது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1991இல், நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘அன்னை இட்ட தீ’ நாடகம் அதைச் செய்தது. சனத்துக்குச் செய்ததை நாடகக்காரர் தங்களுக்குள் செய்துகொள்ளவில்லை. ஒத்திகை முடிந்து எல்லாரும் வட்டமாக இருந்து கதைக்கும்போது நெறியாளர் மட்டும் கொப்பியும் பேனையுமாக வெளியே நிற்பார். நீங்களும் போய் இருங்கள். களைப்பைச் சொல்ல அதுதான் இடம்.

அப்புறம், மண்டப வாடகை, ஒலி ஒளி, உடுப்புத் தைப்பு எல்லாம் உங்கள் தலையிலா? ஒன்றிரண்டை இந்தக் கிழமையே பிரித்துக் கொடுங்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, ஒத்திகைக்குப் போகவே மனம் வரவில்லை என்றால் சிநேகிதரோடு கதைத்து மட்டும் தீராது. யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்களே என்று தயக்கமா? 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் அது, நடுச்சாமத்திலும் எடுக்கலாம்.