ஏரியில் பழகிய ஃப்ரீஸ்டைல் ஜெட் ஸ்கீ கடல் அலைக்குள் ஏன் முரண்டு பிடிக்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருப்பது: "இரண்டு வருடமாக ஏரியில் நின்று ஓட்டும் ஜெட் ஸ்கீ ஓட்டுகிறேன். இப்போது என்னிடம் இருப்பது கார்பன் ஹல் (படகு உடல்) போட்ட குட்டையான ஃப்ரீஸ்டைல் வண்டி, அகலமான சிலிண்டர் கொண்ட (பெரிய bore) டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். அசையாத தண்ணீரில் பேக்ஃப்ளிப் வரை வந்துவிட்டது. கடலில் இறக்கினால் யாரோ வண்டியை மாற்றி வைத்த மாதிரி இருக்கிறது. நுரைக்குள் போனதும் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. அலையிலிருந்து இறங்கும்போது மூக்கு குத்துகிறது, திருப்பினால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது. இதையே சரிசெய்வதா, நீளமான வண்டிக்கு மாறுவதா? தனியாகப் போய்ப் பழகலாமா?"

வண்டியை விற்காதீர்கள். நீங்கள் சொல்வதில் பாதி, வண்டி தன் இயல்புப்படி நடந்துகொள்வது. மீதி, ஏரியில் பழகிய விரல் கடலிலும் அதே மாதிரி த்ராட்டிலை அமுக்குவது. செலவு வைக்கிற மாற்றங்கள் இரண்டு மூன்றுதான், அதுவும் பிறகு.

உங்கள் ஹல் எதற்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். நின்ற இடத்திலிருந்து எம்பி, காற்றில் சுற்றி, திரும்ப விழ. அதனால்தான் குட்டை, அதனால்தான் மூக்கு அவ்வளவு மேல்நோக்கி வளைந்திருக்கிறது, அடிப்பகுதி தட்டையாக இருக்கிறது, பம்புக்கு அடியில் வருகிற தகடான ரைடு பிளேட் குட்டையாக இருக்கிறது, பக்கவாட்டில் தண்ணீரைப் பிடிக்கிற ஸ்பான்சன் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க: பழைய டூ-ஸ்ட்ரோக் யமஹா சூப்பர்ஜெட் 2.24 மீட்டர் நீளம், எரிபொருள் இல்லாமல் சுமார் 140 கிலோ. 2021இல் வந்த நான்கு ஸ்ட்ரோக் சூப்பர்ஜெட் 2.43 மீட்டர், சுமார் 170 கிலோ. 1498 சிசி கவாசாகி எஸ்எக்ஸ்-ஆர் ஏறக்குறைய 2.65 மீட்டர், 250 கிலோ. உங்களுடையது இந்த மூன்றையும்விடக் குட்டை, இலேசு. நீளமான வண்டி கொந்தளிப்பில் நேர்கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும், உண்மைதான். ஆனால் ஒரே அலையின் முகத்தில் ஏறி, உச்சியில் திரும்பி, அதே அலையில் இறங்க வேண்டுமானால் குட்டை வண்டிதான் வளையும். 250 கிலோ வண்டியை இரண்டு அலைக்கு நடுவே திருப்பிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். சூப்பர்ஜெட்டை வைத்துக்கொண்டு அலையில் அழகாக விளையாடுகிறவர்கள் ஏராளம், ஆக நீளம் தடை இல்லை, குட்டையும் தடை இல்லை.

முதலில் நுரை. ஜெட் பம்ப் தண்ணீரைப் பின்னால் தள்ளித்தான் முன்னால் போகிறது. உடைந்த அலைக்குப் பின்னால் வெள்ளையாகத் தெரிவதில் நிறையக் காற்று கலந்திருக்கிறது. பம்புக்குள் சுழல்கிற விசிறியான இம்பெல்லருக்குக் கிடைப்பது பாதித் தண்ணீர், பாதிக் காற்று. சேற்றில் சிக்கிய சக்கரம் மாதிரி அது சும்மா சுற்றுகிறது. உடனே எல்லோரும் செய்வது இன்னும் அமுக்குவது. அமுக்க அமுக்க இன்ஜின் வேகம் ஏறும், தள்ளுவிசை வராது, பம்புக்குள் காற்று வெளியேறாமல் அப்படியே நிற்கும். விரலை எடுங்கள். முழுக்க எடுத்து, பம்ப் நிரம்ப ஒரு கணம் கொடுத்து, மெதுவாகப் பிடியுங்கள். கடிக்கும்.

அதைவிட நல்லது, நுரைக்குள் இன்ஜினை நம்பாமல் இருப்பது. நுரை வருவதற்கு முன்னால் உங்கள் காலடியில் கெட்டியான பச்சைத் தண்ணீர் இருக்கிறது அல்லவா, வேகத்தை அங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள். நுரை மூக்கைத் தொடுவதற்குச் சற்று முன்னால் எடையைப் பின்காலுக்கு மாற்றி, கைப்பிடித் தண்டை இலேசாக மேலே இழுத்து, மூக்கைத் தூக்குங்கள். மோதும் கணத்தில் விரல் தளர்ந்திருக்க வேண்டும், முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். சேர்த்து வைத்த வேகமே உங்களை அந்தப் பக்கம் கொண்டுபோய்விடும். நீங்கள் நிற்கிற தட்டான ட்ரேயின் பின்பகுதி கெட்டித் தண்ணீரில் உட்காருவது பாதத்தில் தெரியும், அதிர்வு மாறும், சத்தமும் கீச்சென்பதிலிருந்து கனமாக இறங்கும். அப்போது த்ராட்டில். இதை ஏழெட்டு முறை கவனித்துச் செய்தாலே நீங்கள் சொன்ன முதல் புகாரில் பெரும்பகுதி போய்விடும்.

மிச்சம் இருந்தால் அது வண்டியில் இருக்கிறது. பம்ப் ஹல்லோடு சேருகிற இடத்தில் சீலன்ட் விட்டுப்போயிருந்தால் அங்கிருந்தே காற்றை உறிஞ்சும். ஏரியில் இது இலேசான மந்தமாகத்தான் தெரியும், கடலில் வண்டியே நகராது. அதை முதலில் பாருங்கள், செலவே இல்லை. அடுத்து இம்பெல்லர் நுனிக்கும் அதைச் சுற்றியிருக்கிற வளையமான வேர் ரிங்குக்கும் உள்ள இடைவெளி, அதன் உள்சுவரில் மணல் போட்ட கோடுகள். அப்புறம் இன்டேக் கிரேட், அதாவது பம்புக்குத் தண்ணீர் நுழைகிற வாயின் கம்பித்தடுப்பு. ஹல்லோடு ஒட்டித் தட்டையாக இருக்கிற கிரேட் அலையில் உதவாது, கீழே கொஞ்சம் நீட்டிக்கொண்டு தண்ணீரை அள்ளித் தருகிற ஸ்கூப் கிரேட் போடுங்கள். நான் ஒரே ஒரு பொருள் வாங்கச் சொல்வதாக இருந்தால் அதுதான். இம்பெல்லரை மாற்றச் சொல்லி உங்களுக்கு யோசனை வரும், கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். எம்புவதற்காக அமைத்த வண்டியில் பெரும்பாலும் பிட்ச் (இம்பெல்லர் இதழின் சாய்வு) ஏற்கெனவே குறைவாகத்தான் இருக்கும், அலைக்கு வேண்டியதும் அதுதான்.

மூக்கு குத்துவதற்கு மேலே சொன்னதற்கு நேர் எதிரான வைத்தியம். அலை முகத்தில் இறங்கும்போது பயத்தில் விரலை எடுத்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எடுத்ததும் வண்டி தண்ணீருக்குள் உட்காரும், மூக்கு தாழும், அதே நேரத்தில் பின்னால் வருகிற அலை வாலைத் தூக்கும். மூக்கு உள்ளே போகாமல் வேறு எங்கே போகும்? கூடவே இன்னொன்று, த்ராட்டில் இல்லாவிட்டால் ஜெட் இல்லை, ஜெட் இல்லாவிட்டால் ஸ்டியரிங்கும் இல்லை. திருப்பித் தப்பிக்கலாம் என்று நினைக்கும்போது கைப்பிடி வெறுமனே ஆடும். ஆகவே இறங்கும்போது சிறிதளவு த்ராட்டில் எப்போதும் இருக்க வேண்டும். நேராகக் கீழே இறங்காதீர்கள், குறுக்காக, அலை இன்னும் உடையாத தோள் பக்கம் பார்த்து இறங்குங்கள். 2 மீட்டர் ஆழத்தில் அலை ஏறத்தாழ மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். உங்கள் வண்டிக்கு அது ஒன்றுமே இல்லை, அரை விரலில் அதோடு சேர்ந்தே போகலாம். ஏரியில் ட்ரிம்மை (ஜெட் முனையின் மேல்-கீழ்க் கோணத்தை) மேலே வைத்துப் பழகியிருந்தால் இங்கே நடுநிலையில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வைத்தால் மூக்கை இன்னும் அமுக்கும்.

பின்பக்கம் வழுக்குவது குறை இல்லை. தட்டை ஹல் அப்படித்தான். திருப்பத்தில் உடம்பை நிமிர்த்தி வைத்துக்கொண்டு கைப்பிடியை மட்டும் திருப்பினால் வழுக்கும். உள்பக்கத்து விளிம்பு தண்ணீரைக் கடிக்கும்படி இடுப்போடு சாய்ந்து, திருப்பம் முடியும்வரை த்ராட்டிலை விடாமல் இருந்தால் பிடிக்கும். நீளமான ரைடு பிளேட் போட்டால் பிடிப்பு கூடும் என்பார்கள், கூடும்தான், ஆனால் இந்த வண்டியை வாங்கியதே சுழலத்தானே. நான் போட மாட்டேன்.

இனி குதிப்பது. இங்கேதான் ஏரிப் பழக்கம் ஆளைக் கவிழ்க்கிறது. அசையாத தண்ணீரில் மூக்கை அமுக்கி, மிதப்பு திரும்ப எம்பித் தருவதோடு முழு த்ராட்டிலையும் சேர்த்தால்தான் உயரம் கிடைக்கும். கடலில் அந்த உயரத்தை அலை தருகிறது. அதோடு உங்கள் இன்ஜினின் முழு பலத்தையும் சேர்த்தால் தேவைக்கு மேல் உயரம், தேவைக்கு மேல் சுழற்சி. தொடக்கத்தில் அரை த்ராட்டில் போதும். அலை உச்சியின் உதடு கவிழ்ந்து விழும் இடத்தை நோக்கிப் போகாமல், அதற்குப் பக்கத்தில், முகம் செங்குத்தாக நிமிர்ந்து இன்னும் உடையாமல் நிற்கிற இடத்தில் ஏறுங்கள். வெறும் தாவல் ஒழுங்காக வந்த பிறகுதான் ஃப்ளிப்.

காற்றில் இருக்கும்போது விரல் விலகியிருக்கட்டும். காரணம் இயந்திரம் சம்பந்தப்பட்டது. பம்பில் தண்ணீர் இல்லாதபோது இன்ஜின் எல்லை மீறிச் சுற்றும். அந்த வேகத்திலேயே பம்ப் திடீரென்று தண்ணீரைக் கடித்தால் அதிர்ச்சி முழுவதும் கப்ளர், ஷாஃப்ட், கிராங்க் என்று மேலேறும். இன்ஜின் வேகத்துக்கு வரம்பு வைக்கிற ரெவ் லிமிட்டர் அமைப்பு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் லிமிட்டர் இருக்கிறது என்ற தைரியத்தில் அமுக்கிப் பிடிக்காதீர்கள்.

இறங்கும் இடம் இன்னும் முக்கியம். நீங்கள் தாண்டிய அலைக்குப் பின்னால் தண்ணீர் தாழ்ந்து, தட்டையாக இருக்கும். அங்கே பலகை விழுவது மாதிரி விழுந்தால் முதலில் வாங்கிக்கொள்வது கணுக்கால், அடுத்து முழங்கால், அப்புறம் ஹல். வால் முதலில் தொடும்படி, மூக்கு சற்று உயர்ந்து இறங்க வேண்டும், முடிந்தால் சரிவான தண்ணீரில். பாதத்தைப் பிடிக்கிற ஃபுட்ஹோல்டை ஏரியில் வைத்ததைவிடக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். வண்டி ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் என்று அலை பிரிக்கும்போது பாதம் கழன்று வர வேண்டும், மாட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. கழுத்தைத் தாங்குகிற ஹெல்மெட் என்று எதுவும் கிடையாது, ஆனால் ஹெல்மெட் இல்லாமல் கைப்பிடியில் முகத்தை மோதிக்கொள்வதும் தேவையில்லை. மிதவை ஜாக்கெட், கணுக்காலைப் பிடிக்கிற பூட்ஸ், மணிக்கட்டில் விழுந்தால் இன்ஜினை நிறுத்துகிற கில் ஸ்விட்ச் கயிறு, இவற்றுக்கு விவாதமே வேண்டாம்.

விழுந்தால் ஒரே ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். வண்டிக்கும் கரைக்கும் நடுவே இருக்காதீர்கள். அலை, தன் உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்கு ஆழத்தில் உடையும். 1 மீட்டர் அலை 1.3 மீட்டர் ஆழத்தில், அதாவது உங்கள் நெஞ்சளவுத் தண்ணீரில். அங்கே நீங்கள் நின்றுகொண்டிருக்க, உள்ளே தண்ணீர் ஏறிய வண்டியை அடுத்த அலை தூக்கி உங்கள் மேல் போடும். கடல் பக்கமாக நீந்தி வாருங்கள், இல்லையேல் பக்கவாட்டில் விலகுங்கள். அலைக்கூட்டம் நடந்துகொண்டிருந்தால் வண்டியை விட்டுவிடுங்கள், அது எப்படியும் கரைக்குத்தான் போகும். ஹல் உடைந்தால் ஒட்டலாம்.

கரைப்பக்கம் ஆழம் குறைந்த இடத்தில் இன்ஜினை ஓடவிடாதீர்கள். இடுப்பளவுத் தண்ணீர் வரை தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்யுங்கள், இல்லாவிட்டால் பம்ப் மணலை உறிஞ்சி வேர் ரிங்கைத் தின்றுவிடும். வெளியே போக நுரையோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். கொஞ்ச நேரம் கரையில் நின்று பார்த்தால் அலை குறைவாக உடைகிற, நிறம் சற்றுக் கருத்த ஒரு வாய்க்கால் தெரியும், தண்ணீர் திரும்பிக் கடலுக்குப் போகிற வழி அது. நீந்துகிறவர்களுக்கு ஆபத்து, உங்களுக்கு வாசல். பெரிய அலைகள் கூட்டமாக வந்து ஓய்ந்த இடைவெளியில் அதன் வழியாகப் போங்கள்.

உள்ளே தண்ணீர் போவது ஏரியைவிடப் பல மடங்கு. மூடியின் ரப்பர் சீல், அதன் பட்டைகள், உள்ளே சேர்ந்த தண்ணீரை வெளியேற்றுகிற மின்சார பில்ஜ் பம்ப் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். பில்ஜ் இரண்டு இருந்தால் நிம்மதி. எடை குறைக்க யாராவது உள்ளே இருந்த மிதவை நுரையை வெட்டி எடுத்திருந்தால், கடலுக்குப் போகும் முன் காற்றுப்பையாவது வையுங்கள். இன்னொரு விஷயம், ஃப்ரீஸ்டைல் வண்டிகளில் டோட்டல் லாஸ் இக்னிஷன் சகஜம், பேட்டரி ஓட ஓடக் குறையும், திரும்ப ஏறாது. ஏரியில் நின்றுபோனால் இழுத்துக்கொண்டு வரலாம். உடையும் அலைக்கு வெளியே நின்றுபோனால் கதை வேறு. ஒவ்வொரு முறையும் முழு சார்ஜோடு இறக்குங்கள், பாதி நேரத்திலேயே கரையேறுங்கள்.

தனியாகப் போவது பற்றி: வேண்டாம். இன்னொரு வண்டி, இல்லையென்றால் கரையிலிருந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவர். பல கடற்கரைகளில் அலை உடையும் பகுதிக்குள் ஜெட் ஸ்கீ அனுமதி இல்லை, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நீந்துகிறவர்களும் சர்ஃப் பலகைக்காரர்களும் இருக்கிற இடத்தில், அனுமதி இருந்தாலும், இறங்காதீர்கள். பழக இடுப்புயர அலை, கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற மெல்லிய காற்று, இது போதும். காற்று கடலிலிருந்து அடித்தால் அலை முகம் கலைந்து சிதறும், நுரை கூடும், கற்றுக்கொள்ள மோசமான நாள் அது.

கவிழ்ந்தால் வண்டியின் பின்னால் ஒட்டியிருக்கிற அம்புக்குறி காட்டும் திசையில் மட்டும் புரட்டுங்கள். தவறான பக்கம் புரட்டினால் எக்ஸாஸ்டில் தேங்கிய தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். இன்ஜின் தண்ணீர் குடித்து இறுகிவிட்டால் ஸ்டார்ட்டரை அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். கரைக்கு இழுத்து, பிளக்குகளைக் கழற்றி, பிளக் வயர்களை எர்த் செய்து, தண்ணீர் வெளியேறும்வரை சுற்றவிட்டு, எண்ணெய் தெளித்து, அன்றே இன்ஜினை ஓட்டிச் சூடாக்கிவிடுங்கள். உப்புத் தண்ணீர் உள்ளே ஓர் இரவு இருந்தாலே கிராங்க் பேரிங்கில் துரு தொடங்கும். கவிழாத நாளிலும் நன்னீர் விட்டுக் கழுவ வேண்டும். வரிசை முக்கியம், முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பிறகு தண்ணீர்க் குழாயைத் திறங்கள். நிறுத்தும்போது முதலில் குழாயை மூடி, பிறகு இன்ஜினை நிறுத்துங்கள்.