மனாலி பக்கத்து ரோதாங் கணவாய்க்குப் போக, செவ்வாய்க்கிழமைக்கு பர்மிட் இணையத்தில் காட்டவில்லையா?
செவ்வாயன்று பர்மிட் வராது சார். பராமரிப்புக்காக அன்று ரோதாங் கணவாயில் சுற்றுலா வண்டிகளை விடுவதில்லை. உங்கள் போனில் கோளாறா என்ற சந்தேகம் தீர, தேதியைப் புதனுக்கு மாற்றிப் பாருங்கள்.

மனாலியில் கையில் இருப்பது அந்த ஒரு நாள்தான் என்றால் அடல் சுரங்கப் பாதை வழியாக சிஸ்ஸு கிராமத்துக்குப் போய்விடுங்கள். 9.02 கி.மீ. நீளம், பர்மிட் வேண்டாம். இந்தப் பக்கம் தேவதாரு மரங்கள். அந்தப் பக்கம் தலை நீட்டினால் மொட்டை மலை, சந்திரா ஆறு, எதிரே அருவி. அம்மாவுக்கு மூச்சு வாங்கும் என்கிறீர்கள். 3,978 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரோதாங்கைவிட அவருக்கு இதுவே நல்லது.

"ரோதாங் காட்டுகிறேன்" என்கிற டாக்சிக்காரரிடம் எதுவரை என்று கேட்டுக்கொள்ளுங்கள். டெல்லி முனிர்காவிலிருந்து போன எங்களை, ரோதாங்குக்கு முன்பே வரும் குலாபாவோடு திருப்பிவிட்டார் ஒருவர்!

பனி கொட்டினால் சுரங்கப் பாதையும் அடைபடும். காலையில் விடுதியில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.