கேளுங்க, அக்கா சொல்றேன்: தட்டு தூக்கறதுக்கா படிக்க வச்சோம்?

போன மாசம் இந்தப் பக்கத்துல ஹோட்டல் வேலையப் பத்தி சும்மா நாலு வரி எழுதினேன், அதுக்கே பீடோங், குரூண், சுங்கை லாலாங்னு நம்ம கெடா பக்கத்துக் கடிதமா வந்து குமிஞ்சுருச்சு. எல்லாத்துக்கும் எடம் பத்தாது, பத்து பேர் கேட்ட ஒரே கேள்விய ஒன்னா எடுத்துக்கிட்டேன். புதுசா படிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, நான் பீடோங் பக்கம் தோட்டத்து லயத்துல பொறந்தவ, லங்காவித் தீவுலயும் பினாங்குலயும் ஹோட்டல்ல 24 வருஷம், ரூம் கூட்டற வேலைல நுழைஞ்சு ஹவுஸ்கீப்பிங் மேனேஜரா வெளிய வந்தவ. அதனால பக்கம் சாஞ்சுதான் பேசுவேன், கோவிச்சுக்காதீங்க.

எம்பொண்ணு எஸ்.பி.எம். முடிச்சுட்டா. லங்காவில ஒரு ஹோட்டல்ல ரிசெப்ஷனுக்கு கூப்பிட்டிருக்காங்க. "தட்டு தூக்கறதுக்கா படிக்க வச்சோம்"னு அவ அப்பா ரெண்டு வாரமா மொகத்த தூக்கி வச்சிருக்காரு. அனுப்பலாமா? (ஒரு அம்மா, பீடோங்)

ரிசெப்ஷன்ல தட்டே கெடையாதும்மா, கம்ப்யூட்டரும் சாவி கார்டும்தான். தட்டு தூக்கறதும் கேவலம் இல்லன்னு அவருகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, கல்யாண விருந்துல 800 பேருக்கு சூடு ஆறாம சாப்பாடு கொண்டு போய் வைக்கறது லேசுப்பட்ட காரியமா? ஆனா எனக்கென்னமோ அவரு பயப்படறது தட்டுக்கு இல்ல, பொண்ணு தீவுல தனியா இருக்கப்போறாளேன்னு பயம், அத வெளிய சொல்ல முடியாம தட்டு மேல போடறாரு.

அந்த பயம் நியாயமானது, அதுக்கு மட்டும் பதில் தேடுங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரு நாள் கோலக்கெடாவுல ஃபெர்ரி ஏறுங்க, ஒன்னேமுக்கா மணி நேரம் போல ஆகும், போய் ஹாஸ்டல கண்ணால பாருங்க. பொம்பளப்புள்ளைங்களுக்கு தனி ஹாஸ்டலா, ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சா வேன் உண்டா, இல்ல புள்ளைங்க மோட்டார்ல போகுதுங்களா, இத கேளுங்க. அப்புறம் ஸ்டாஃப் போற வழில சுவத்த பாருங்க, பாலியல் தொல்லை பத்தின நோட்டீஸ் ஒன்னு எல்லார் கண்ணுலயும் படற மாதிரி ஒட்டியிருக்கணும், 2023 ஜனவரிலேர்ந்து அது சட்டம். ஒட்டாத எடத்துல மத்த சட்டத்த மட்டும் எப்படி மதிப்பாங்கன்னு நான் யோசிப்பேன்.

வேல எப்படி இருக்கும்னா, பகல்ல ஒரு மாதிரி, ராத்திரில வேற மாதிரி. ராத்திரி 11-லேர்ந்து காலைல 7 வரைக்கும் ஒரு ஷிஃப்ட் உண்டு, அதுல நைட் ஆடிட்னு ஒன்னு நடக்கும். எல்லாரும் தூங்கினப்புறம் அன்னிக்கு வந்த காசு, கார்டு, ரெஸ்டாரண்ட் பில்லு எல்லாத்தையும் ஒப்பிட்டு பாத்து, ஒவ்வொரு ரூமுக்கும் அன்னிக்கு வாடகைய ஏத்தி, சிஸ்டத்துல தேதிய மறு நாளைக்கு மாத்துவாங்க. வெளிய மணி ரெண்டாயிருக்கும், உள்ள கம்ப்யூட்டர்ல இன்னும் நேத்துதான் ஓடிக்கிட்டிருக்கும், 12 வெள்ளி இடிக்குதுன்னு பில்ல பொறட்டிக்கிட்டிருக்கும்போதுதான் ஒருத்தரு ஏர்கோன் ஓடலன்னு போன் பண்ணுவாரு. இந்த வேலைய ரெண்டு வருஷம் செஞ்ச புள்ளைங்களுக்கு ஹோட்டல் எங்க சம்பாதிக்குது எங்க ஓட்டை விழுதுன்னு தெரிஞ்சுரும், பின்னால டியூட்டி மேனேஜர், ரெவன்யூ டிபார்ட்மெண்ட்னு போனவங்கள்ல நெறைய பேரு இந்த ராத்திரிய தாண்டி வந்தவங்கதான். தோட்டத்துல கிராணி கணக்குப் புத்தகம் வச்சிருந்தாரே, அந்த மாதிரி வேலைன்னு அவ அப்பாகிட்ட சொல்லிப் பாருங்க, மனசு எறங்கும்.

எனக்கு வந்த ஆஃபர் லெட்டர்ல "மாச வருமானம் 2,400 வெள்ளி வரைக்கும்"னு போட்டிருக்கு. இன்னொரு எடத்துல 2,100-தான். பெரிசத்தானே எடுக்கணும்? (தம்பி ஒருத்தர், குரூண்)

"வரைக்கும்" அப்படிங்கற அந்த வார்த்தைய மொதல்ல பேனாவால வட்டம் போடு தம்பி.

ஹோட்டல் சம்பளம் ரெண்டு மூணு துண்டா வரும். ஒன்னு பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம். ரெண்டாவது சர்வீஸ் பாயிண்ட், அதாவது விருந்தாளி பில்லுல 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போடறாங்கல்ல, அத சேத்து வச்சு மாசா மாசம் பாயிண்ட் கணக்குல ஸ்டாஃபுக்கு பிரிக்கறது. கூட்டம் இருந்தா பாயிண்ட் ஏறும், இல்லன்னா விழும். டிசம்பர் ஸ்கூல் லீவுல ஆஹா ஓஹோன்னு இருக்கும், அதே லங்காவில செப்டம்பர் அக்டோபர் மழைல சம்பள ஸ்லிப்ப பாத்தா அழுக வரும். மூணாவது அலவன்ஸ், ஓ.டி.ங்கற ஓவர்டைம் இதெல்லாம்.

இப்ப உன் 2,400-ல பேசிக் எவ்வளவு? 1,700-ன்னா அது அரசாங்கம் சொன்ன குறைஞ்சபட்ச சம்பளம், 2025 பிப்ரவரிலேர்ந்து, சின்ன கடைகளுக்கும் சேத்து அந்த வருஷம் ஆகஸ்ட்லேர்ந்து. அதுக்கு கீழ யாரும் குடுக்க முடியாது, அதனால அத ஒரு சலுகைன்னு நெனைக்காத. மீதி 700 பாயிண்ட்டும் அலவன்ஸும். இன்னொரு எடத்துல 2,100 முழுசும் பேசிக்கா? அப்ப கதையே வேற. ஏன்னா சர்வீஸ் சார்ஜுக்கு கே.டபிள்யூ.எஸ்.பி., அதான் தொழிலாளர் சேமநிதி, பிடிக்கறது இல்ல, ஓ.டி.க்கும் இல்ல. 1,700 பேசிக்குக்கு உன் 11 சதவீதம் 187, மொதலாளி 13 சதவீதம் 221, ஆக 408 வெள்ளி உன் சேமிப்புக்கு போகும். 2,100-ன்னா 231-ம் 273-ம் சேந்து 504. மாசம் 96 வெள்ளி, 30 வருஷத்துக்கு நீயே பெருக்கிக்க, வட்டி தனி.

நான் இத படிக்கறதுக்கு குடுத்த விலைய சொல்றேன். மொத வேலைல, ஹோட்டல் பேரு வேணாம், என்ன சேக்கும்போது "பாயிண்ட் உண்டு"ன்னு மட்டும் சொன்னாங்க, எப்பலேர்ந்துன்னு நான் கேக்கல. ஆறு மாசம் டிரெயினிங்காம், அந்த ஆறு மாசமும் பாயிண்ட் கெடையாதாம். மொத சம்பள நாள்ல கவர திறந்து ரெண்டு தரம் எண்ணினேன், பாத்ரூம்ல போய் மூணாவது தரம் எண்ணினேன். எங்கம்மாவுக்கு தீபாவளிக்கு சேல வாங்கித் தரேன்னு சொல்லிட்டு வந்திருந்தேன். லெட்டர்ல சின்ன எழுத்துல அது இருந்திருக்கு, கையெழுத்து போட்டவ நான்தான், யாரப்போய் திட்டறது.

அதனால கையெழுத்துக்கு முன்னாடி நாலு கேள்வி கேளு, தயங்காத. பேசிக் எவ்வளவு, பாயிண்ட் எனக்கு எத்தன, எந்த மாசத்துலேர்ந்து, போன 12 மாசத்துல பாயிண்ட் மதிப்பு எவ்வளவு போச்சு. கடைசி கேள்விக்கு எச்.ஆர். மழுப்பினா பின் கேட்டுல டீ குடிக்கற ஸ்டாஃப்கிட்ட கேளு, அவங்க சென் கணக்கு வரைக்கும் சொல்லுவாங்க. அப்புறம் பாயிண்ட் காச எடுத்து குறைஞ்சபட்ச சம்பளத்த ரொப்பற தந்திரம் ஒன்னு இருந்துச்சு, அது செல்லாதுன்னு 2021-லயே கூட்டரசு நீதிமன்றம் சொல்லிருச்சு, ஹோட்டல் தொழிலாளர் சங்கம் விடாம நடத்தின கேஸ் அது. உன் ஸ்லிப்ல அப்படி ஏதாச்சும் தெரிஞ்சா தொழிலாளர் துறைல, அதான் ஜபாத்தான் தெனாகா கெர்ஜா, புகார் பண்ணலாம், அதுக்கு காசு கெடையாது.

நல்லா ஓடற பெரிய ஹோட்டல்ல பாயிண்ட் நெசமாவே வரம்தான், அத நான் மறுக்கல. ஆனா பேங்க்ல வீட்டுக் கடனுக்கு போய் நிக்கும்போது மொதல்ல பேசிக்கதான் பாக்கறாங்க.

தீபாவளிக்கு லீவு கேட்டா "ஹோட்டல்ல லீவு கெடையாது"ங்கறாங்க. சட்டம் என்ன? (வாசகி, சுங்கைப்பட்டாணி)

வருஷத்துல 11 பொது விடுமுறை கட்டாயம், அதுல அஞ்சு எதெதுன்னு சட்டத்துலயே இருக்கு: தேசிய தினம், பேரரசர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம், தீபாவளி அந்த அஞ்சுல இல்ல. மீதி ஆற மொதலாளி தேர்ந்தெடுத்து நோட்டீஸ் ஒட்டணும். உங்க எடத்து லிஸ்ட்ல தீபாவளி இருந்து, அன்னிக்கு நீங்க வேல செஞ்சா, அந்த நாள் சம்பளத்துக்கு மேல இன்னும் ரெண்டு நாள் சம்பளம் தரணும். நான் 24 தீபாவளில ஒரு ஏழெட்டுதான் வீட்ல இருந்திருப்பேன். சீனப் பெருநாள்ல நாம பாத்துக்கறோம், தீபாவளிக்கு நீங்க பாத்துக்கங்கன்னு சீனப் புள்ளைங்களோட ஷிஃப்ட் மாத்திக்கறதுதான் எங்க வழக்கம், இப்பவே பேசி வச்சுக்கங்க, அக்டோபர்ல போய் கேட்டா யாரும் தர மாட்டாங்க.

வயசு 44. பால் மரம் வெட்டினேன், அப்புறம் செம்பனை தோட்டம், இப்ப ஒரு சின்ன ஹோட்டல்ல ஆறு வருஷமா ரூம் கிளீன் பண்றேன். படிப்பு இல்ல. இதுக்கு மேல போக முடியுமா அக்கா? (பேர் வேணாம், பீடோங்)

உங்க கடிதத்த ரெண்டு தரம் படிச்சேன், ஏன்னா அது நான் எழுதின மாதிரியே இருக்கு.

முடியும். பி.பி.டி.ன்னு ஒன்னு இருக்கு, ஏற்கனவே இருக்கற அனுபவத்த வச்சே மலேசிய திறன் சான்றிதழ், அதான் எஸ்.கே.எம்., வாங்கற வழி. வகுப்புல உக்காந்து படிக்க வேணாம், நீங்க செய்யற வேலைய ஆதாரத்தோட காட்டணும், போட்டோ, டூட்டி ரோஸ்டர், சூப்பர்வைசர் கையெழுத்து போட்ட செக்லிஸ்ட், இதெல்லாம் ஒரு ஃபைல்ல சேத்து வைங்க, மதிப்பீடு செய்யறவங்க வந்து பாப்பாங்க. திறன் மேம்பாட்டுத் துறை, ஜே.பி.கே., அங்க கேளுங்க. எழுதறதுக்கு பக்கத்து வீட்டு படிவம் அஞ்சு புள்ளைய கூட்டு சேத்துக்கங்க.

இத ஏன் இவ்வளவு தைரியமா சொல்றேன்னா, ரூம் வேல திறமையில்லாத வேலைன்னு சொல்றவங்க ஒரு படுக்கைய போட்டு பாக்கணும். விரிப்ப ஒரே உதறல்ல நடு மடிப்பு நடு மெத்தைல விழற மாதிரி போடணும், தப்பா விழுந்தா இன்னொரு தரம் மெத்தைய சுத்தி வரணும், அதுல ஒரு நிமிஷம் போச்சு. மூலைய 45 டிகிரில மடிச்சு உள்ள சொருகும்போது முதுக வளைக்காம முட்டிய மடக்கணும், இல்லன்னா அஞ்சு வருஷத்துல இடுப்பு போயிரும், என்னுது போச்சு. நாங்க ஒரு ஷிஃப்டுக்கு 14, 15 ரூம் செஞ்சோம், எந்த ரூம மொதல்ல செய்யறதுன்னு காலைலயே மனசுல கணக்கு போட்டாத்தான் சாயங்காலம் ஆளா வெளிய வர முடியும். இருட்டுல மரம் வெட்டப் போயி வெயில் ஏறறதுக்குள்ள நிரைய முடிச்ச கைக்கு இந்த கணக்கு சொல்லித்தரணுமா என்ன?

சான்றிதழ் வந்ததும் சூப்பர்வைசர் எடம் கேளுங்க. அங்க குடுக்கலன்னா பினாங்குல பத்து பெரிங்கி பக்கம் பாருங்க, பெரிய ஹோட்டல்ல ஹவுஸ்கீப்பிங்ல அனுபவமான ஆளுக்கு எப்பவும் தட்டுப்பாடுதான்.

லெம்பா பூஜாங்ல, அதான் பூஜாங் பள்ளத்தாக்குல, டூரிஸ்ட் கைடு ஆகணும்னு ஆச. தமிழ் கைடுக்கு வாய்ப்பு இருக்கா? (காலேஜ் மாணவர், செமிலிங்)

எனக்கு இந்தக் கேள்விதான் ரொம்ப புடிச்சது. நம்ம ஊருலேர்ந்து மெர்போக் எவ்வளவு தூரம், அங்க ஜெராய் மலை அடிவாரத்துல மியூசியம், புக்கிட் பத்து பஹாட் சண்டி, சண்டின்னா பழங்காலக் கோயில், கல்லு அடித்தளம் நிக்குது, மேல இருந்த மரக் கூரை போயிருச்சு, தூண் நின்ன கல்லு மட்டும் வரிசையா. நம்மாளுங்க பாதிப்பேரு ஆரம்பப்பள்ளி சுற்றுலால பாத்தது, அதோட சரி.

வாய்ப்பு இருக்கு. 2023 டிசம்பர் 1-லேர்ந்து இந்தியாகாரங்க 30 நாள் விசா இல்லாம வரலாம், 2026 கடைசி வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க, அந்த 2026 வேற மலேசியாவுக்கு வாங்கன்னு அரசாங்கம் கூப்பிடற வருஷம். சென்னை, மதுரைலேர்ந்து வர்ற குடும்பங்க பத்துமலைல 272 படி ஏறிட்டு லங்காவிக்கு ஓடிடறாங்க, நடுவுல கடாரம், அதான் நம்ம கெடாவோட பழைய பேரு, இருக்குன்னு சொல்ல ஆள் இல்ல.

ஆனா லைசன்ஸ் இல்லாம காசு வாங்கிக்கிட்டு கைடு வேல பாத்தா குத்தம், 1992 சுற்றுலாத் தொழில் சட்டம். சுற்றுலா அமைச்சு அங்கீகரிச்ச எடத்துல கோர்ஸ் முடிச்சு பரீட்ச எழுதணும். நீல பேட்ஜ்னா ஊர் ஊரா கூட்டிட்டு போகலாம், பச்ச பேட்ஜ் இயற்கை எடங்களுக்கு, குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும். சம்பளம் மாசச் சம்பளம் இல்ல, டிரிப்புக்கு இவ்வளவுன்னு வரும், மொத ரெண்டு வருஷம் வேற ஒரு வருமானம் கைல இருக்கட்டும்.

இன்னொன்னு, இது வேலைய விட முக்கியம். அங்க நின்னுக்கிட்டு "இதெல்லாம் ராஜேந்திர சோழன் கட்டினது"ன்னு அடிச்சு விடாத. 1025-ல சோழர் படை கடாரத்துக்கு வந்தத தஞ்சாவூர் கோயில் கல்வெட்டு சொல்லுது, அது வாஸ்தவம். ஆனா பள்ளத்தாக்குல இருக்கற சின்னங்கள் பல நூற்றாண்டுக்கு பரவினது, அதுல பௌத்தமும் உண்டு, சிவன் கோயிலும் உண்டு, சுங்கை பத்துல இரும்பு உருக்கின உலை உண்டு. படை வர்றதுக்கு முன்னாடி கடாரத்து ராஜா நாகப்பட்டினத்துல புத்த விகாரம் கட்ட, அதுக்கு ராஜராஜன் ஊரே தானமா குடுத்தான், அந்தக் கதைய சொல்லு, வர்றவங்க வாயப் பொளந்து கேப்பாங்க. 2013-ல ஒரு சண்டிய வீட்டு மனைக்காக இடிச்சுத் தள்ளினதையும் மறைக்காம சொல்லு.

வெளிநாட்டு ரிசார்ட்ல வேல, மாசம் 8,000 வெள்ளி, படிப்பு தேவையில்ல, மொதல்ல 3,000 கட்டணும்னு ஒரு ஏஜெண்ட் சொல்றாரு. (தம்பி, சுங்கை லாலாங்)

கட்டாத. பாஸ்போர்ட்டையும் குடுக்காத.

எம்பையன் சமைக்கறான், நல்லாவே சமைக்கறான். ஹோட்டல் கிச்சன்ல சேரணும்னா என்ன வேணும்? (அம்மா, குரூண்)

ரெண்டு காகிதம் ஒடனே எடுக்கச் சொல்லுங்க, உணவு கையாள்றவங்க கோர்ஸ் சான்றிதழும் டைபாய்ட் ஊசி போட்ட அட்டையும், ரெண்டும் இல்லாம சமையல் கட்டுக்குள்ள விட மாட்டாங்க. அப்புறம் கோமி மூணுன்னு, கோமின்னா உதவி சமையல்காரர், கடைசிப் படில சேப்பாங்க, மொத மூணு மாசம் வெங்காயமும் முட்டையும்தான், வீட்ல நல்லா சமைக்கற புள்ளைங்களுக்கு அந்த மூணு மாசம்தான் கஷ்டம், அத தாண்டிட்டா கோமி ரெண்டு, ஒன்னு, அப்புறம் ஒரு பகுதிய பாத்துக்கற செஃப். இந்தியன் கிச்சன்லதான் போடுவாங்கன்னு பயப்பட வேணாம், ஆனா மொத வாய்ப்பு அங்க கெடச்சா வேணாங்காதீங்க. நல்ல ஷூ ஒன்னு வாங்கிக் குடுங்க, வழுக்காத அடியுள்ளது, கிச்சன் தரை முழுக்க எண்ணெய்.