மதிய மடோபார் மட்டும் ஏன் கேட்பதில்லை?

பார்கின்சன் நோய்க்கு அப்பா போடும் மடோபார் மாத்திரை மதியம் மட்டும் கேட்பதில்லை, மூளையில் மின்கம்பி வைக்கும் ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆபரேஷன் பற்றி இப்போதே யோசிக்க வேண்டாம். காலை 7 மணி மடோபார் போட்டதும் அப்பா நன்றாக நடக்கிறார், மதிய மாத்திரைக்கு மட்டும் கால் இறுகியே கிடக்கிறது என்றால் முதலில் சாப்பாட்டு நேரத்தைப் பாருங்கள்.

மீன் குழம்பு, பருப்பு, தயிர் என்று சாப்பிட்ட கையோடு மாத்திரை கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதிலுள்ள முக்கிய மருந்தான லெவோடோபாவும் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களும் குடலிலும் மூளைக்குள் நுழையும் இடத்திலும் ஒரே கதவுக்கு முட்டி மோதுகின்றன. இரும்புச் சத்து மாத்திரை கூடவே போனால் இன்னும் மோசம், அதைத் தள்ளிக் கொடுங்கள்.

ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள்: சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், வெறும் தண்ணீரில். குமட்டினால் ஒரு கிரீம் கிராக்கர் போதும், மைலோ வேண்டாம், அதில் பால் இருக்கிறது. மாத்திரை, சாப்பாடு, கால் இளகிய நேரம், மறுபடி இறுகிய நேரம் எல்லாவற்றையும் காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். பினாங்கு பெரியாஸ்பத்திரி நரம்பியல் கிளினிக்கில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் வாயால் சொல்வதைவிட அந்தத் தாள்தான் உதவும். டாக்டர் மாத்திரைகளுக்கு இடையிலான இடைவெளியைக் குறைக்கலாம், லெவோடோபாவின் பலனை நீட்டிக்கும் என்டகப்போன் மாத்திரையைச் சேர்க்கலாம்.

ஆனால் அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள், திடீரென்று நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்புறம் அந்த ஆபரேஷன், பெரும்பாலும் லெவோடோபாவுக்குக் கேட்கும் அறிகுறிகளுக்குத்தான் பலன் தரும். மறதிக்கு அது மருந்தல்ல.