எம்.ஏ. தமிழ் முடித்தவர் நெட் முதல் தாளின் ஆங்கிலத்தை எப்படிப் பழகுவது?

உங்கள் கேள்வி இது: எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டீர்கள், பிஎச்.டி. சேர வேண்டும், நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வின் முதல் தாளில் வரும் ஆங்கிலப் பத்தியைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது, சொல், இலக்கணம், வாசிப்பு மூன்றையும் எங்கிருந்து தொடங்குவது? நானும் முதுகலை வரை தமிழ் வழியிலேயே படித்தவன். முதல் முறை எழுதியபோது என் கையைவிட்டுப் போனது முதல் தாள்தான். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. இரண்டாம் தாளின் 100 கேள்விகளும் நம் பாடம், தமிழிலேயே வரும். முதல் தாளின் 50 கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். அதில் பத்திக்கு 5 கேள்வி, 10 மதிப்பெண். பத்துதானே என்று விட்டுவிட முடியாது, மற்ற 45 கேள்விகளையும் ஆங்கிலத்தில்தானே படித்தாக வேண்டும்! 'கூற்று சரி, காரணமும் சரி, ஆனால் அந்தக் காரணம் கூற்றுக்குச் சரியான விளக்கம் அல்ல' என்கிற வகைக் கேள்வியை ஆங்கிலத்தில் அவசரமாகப் படித்துப் பாருங்கள், தெரிந்த விடையே தப்பிப்போகும். 2024 முதல் நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி. சேர்க்கை நடத்தலாம் என்றாகிவிட்டது. ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைக்காதவர்களுக்கு அந்த மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்முகத்துக்கு 30 என்று எடைபோடுகிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் இப்போது விலை கூடியிருக்கிறது.

நான் செய்த பெரிய தவறு, சொற்பட்டியலை மனப்பாடம் செய்தது. நாளைக்கு 30 சொல் என்று ஒரு கோடு போட்ட நோட்டு முழுவதும் எழுதினேன். அப்புறம் ஒரு மாதிரித் தேர்வு. ஏரிப் பாசனம் பற்றிய பத்தி. அதில் ஒரு வரி, ஏரிகளின் சீரழிவை 'கெனாட் பி அட்ரிப்யூட்டட் சோல்லி டு' காலனி ஆட்சி என்றது. 'அட்ரிப்யூட்' என் நோட்டிலேயே இருந்த சொல். பொருள் தெரிந்த மகிழ்ச்சியில், 'காலனி ஆட்சி காரணம் அல்ல' என்ற விடையைத் தேர்ந்தெடுத்தேன். தவறு. 'சோல்லி' என்ற சின்னச் சொல்லை என் கண் தாண்டிவிட்டது. காலனி ஆட்சி மட்டுமே காரணம் அல்ல, அதுவும் ஒரு காரணம் என்றுதான் பத்தி சொல்கிறது.

அன்று இரவு விடுதி அறையில் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று புரிந்தது. 'சோல்லி' வேறொன்றும் இல்லை, நம் பிரிநிலை ஏகாரம்! 'அவனே செய்தான்' என்பதில் வரும் ஏகாரத்தை ஒரு வரியில் நாம் விட்டுவிடுவோமா? 'அவனும் வந்தான்' என்பதில் வரும் எச்ச உம்மையைத் தவறவிடுவோமா? ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் சொற்கள் 'ஓன்லி', 'ஆல்சோ', 'ஈவன்', 'அன்லெஸ்', 'ஹார்ட்லி' போன்றவை. 'ஃபியூ' என்றால் அநேகமாக இல்லை, 'எ ஃபியூ' என்றால் சில உண்டு. பத்தியின் பொருளைத் திருப்பிப்போடுவது இந்த இடைச்சொற்கள்தான். பென்சிலால் வட்டமிட வேண்டியது இவற்றையே. பெரிய சொற்களுக்குப் பெரும்பாலும் சூழலே பொருள் சொல்லிவிடும்.

வாசிப்பும் அப்படித்தான். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'தி தியரி தட் மெனி ஸ்காலர்ஸ் ஆஃப் சவுத் இந்தியா ஒன்ஸ் அக்செப்டட் இஸ் நௌ டௌட்டட்.' எழுவாய் 'தியரி', தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அதற்குரிய பயனிலை கடைசியில் நிற்கிறது. நடுவில் அறிஞர்கள் வந்து குழப்புகிறார்கள். நன்னூலில் படித்த பூட்டுவிற்பொருள்கோள் நினைவுக்கு வருகிறதா? வில்லின் இரு முனையையும் நாண் பூட்டுவது போல முதலையும் கடைசியையும் சேர்த்தால் பொருள் கிடைத்துவிடும்: கோட்பாடு ஐயத்துக்குள்ளாகிறது. மிச்சமெல்லாம் அடைமொழி. தமிழில் 'அறிஞர் பலர் ஒருகாலத்தில் ஏற்றிருந்த கோட்பாடு' என்று பெயரெச்சத்தால் முன்னால் போடுவதை ஆங்கிலம் பெயருக்குப் பின்னால் தொங்கவிடுகிறது. நமக்குத் தலைசுற்றுவது இந்த இடத்தில்தான். அகநானூற்றுப் பாட்டில் பத்து வரி தாண்டி வினைமுற்றைத் தேடிப் பிடித்தவர்களுக்கு இது முடியாத காரியமே இல்லை. 'ரெஸ்பெக்டிவ்லி' என்று ஒரு வாக்கியம் முடிந்தால் அது நிரனிறை, மேலே போய் வரிசையாக இணைத்துக்கொள்ளுங்கள்.

எதைப் படிப்பது? ஆங்கில நாளிதழின் தலையங்கம் என்று எல்லோரும் சொல்வார்கள், நல்லதுதான். ஆனால் தொடக்கத்தில் விஷயமும் புதிது, மொழியும் புதிது என்று இரண்டு சுமை வேண்டாம். தமிழைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியதைப் படியுங்கள். குறுந்தொகை 40ஆம் பாட்டு உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ஏ.கே. ராமானுஜன் அதை ஆங்கிலத்தில் எப்படிக் கொண்டுவந்தார் என்று பாருங்கள். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் சங்க இலக்கியம் பற்றி எழுதியதில் நாளுக்கு ஒரு பக்கம் போதும். சொல்லப்படும் விஷயம் முன்பே தெரிந்திருப்பதால் தெரியாத சொல் வந்தாலும் பயம் வராது. நான் ஒவ்வொரு பத்தியையும் வாய்விட்டுப் படித்து, புத்தகத்தை மூடி, அதன் சாரத்தை ஒரே வரியில் தமிழில் எழுதுவேன். எழுத வரவில்லை என்றால் திரும்பப் படிப்பேன். இரண்டு மாதம் இதைச் செய்த பிறகுதான் தலையங்கத்துக்குப் போனேன்.

சொல்லுக்குப் பட்டியல் வேண்டும் என்றால் மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல் போதும், 570 சொற்குடும்பங்கள். எந்தத் துறைக் கட்டுரையிலும் திரும்பத் திரும்ப வருபவை. ஆனால் சொல்லைத் தனியாக எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு எழுதுங்கள். 'சாங்ஷன்' ஓரிடத்தில் அனுமதி, இன்னோரிடத்தில் தடை. வாக்கியம் இல்லாமல் அதை எப்படி நினைவில் வைப்பது?

முதல் தாளில் இலக்கணத்துக்கென்று தனிப் பகுதி இல்லை. தனியாக நுழைவுத் தேர்வு வைக்கும் சில இடங்களில் பிழைதிருத்தம் கேட்பார்கள், அதனால் மூன்றை மட்டும் பாருங்கள். ஒன்று, எழுவாய்க்கு ஏற்ற வினை: 'தி யூஸ் ஆஃப் பெஸ்டிசைட்ஸ்' என்றால் எழுவாய் 'யூஸ்', ஆகவே 'ஹேஸ்'. அடுத்தது 'ரிசர்ச்', 'எவிடென்ஸ்', 'இன்ஃபர்மேஷன்' போன்றவை, பொதுவாகப் பன்மை விகுதி ஏற்காது. அப்புறம் 'டிஸ்கஸ்' என்ற வினை, இரண்டாம் வேற்றுமைப் பொருளை நேராகவே ஏற்கும். 'பற்றி' என்று நினைத்து நாம் 'அபௌட்' சேர்ப்பதுதான் பிழை.

பழைய கேள்வித்தாள்களின் பத்திகளைக் கடைசி இரண்டு மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். விடையைக் குறிப்பதோடு நிறுத்தாமல், அந்த விடைக்குச் சான்றான வரியை அடிக்கோடிடுங்கள். வரி அகப்படவில்லை என்றால் அது ஊகம். இரண்டாம் முறை எழுதியபோது எனக்கு ஐந்தில் நான்கு சரி. தவறிய ஒன்று எது தெரியுமா? நான் தேர்ந்தெடுத்த விடை உண்மையான செய்திதான். எனக்கு நன்றாகத் தெரிந்ததும்கூட. ஆனால் பத்தியில் எங்கும் இல்லை.